கம்பளி நூல் கடைக்காரியும் நானும்

அலுவலகத்தின் பின்பக்கம், சமையலறைக்குப் போகும் வழியில் தட்டுகள் வைத்த ஒரு இறாக்கை இருந்தது. நிவாரண வேலைக்கு வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகும்போது பெட்டியில் கொள்ளாததை எல்லாம் அதில் விட்டுவிட்டுப் போவார்கள். பாதி தீர்ந்த வெயில் களிம்பு, நுளம்பு வலை, ஒற்றைச் செருப்பு, புத்தகங்கள். கடல் ஊருக்குள் வந்து சில மாதங்களில் நான் அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தேன். என்னுடைய ஆங்கிலம் பாடசாலை ஆங்கிலம். அதைத் திருத்திக்கொள்ள எதையாவது வாசிக்கலாம் என்று இறாக்கையைக் கிளறினேன். கைக்கு வந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு பூனையும் தேநீர்க் கோப்பையும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் எலுமிச்சம்பழக் கேக் செய்யும் முறை. சமையல் புத்தகம் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீடு என்பது அப்போது தகரக் கூரையும் தகரச் சுவரும் கொண்ட கொட்டில். அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். வாசலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். சில பக்கங்களுக்குள் கேக் போட்டி நடக்கும் கூடாரத்தில் ஒரு மனிதர் செத்துக் கிடந்தார்.

புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகு திறந்தேன். ஏன் திறந்தேன் என்று எனக்கே இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அந்த ஆண்டு நாங்கள் கண்ட சாவுகளுக்குப் பிறகு இன்னொரு சாவைக் காகிதத்தில் தேடிப் போக வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் இருட்டு விழுந்து எழுத்துத் தெரியாமல் போகும்வரை வாசித்தேன்.

அந்தக் கதையில் கொலையைக் கண்டுபிடிப்பவள் பொலிஸ்காரி இல்லை. கம்பளி நூல் விற்கிற கடை வைத்திருக்கும் ஒரு விதவை. அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவே வீடு வீடாகப் போய், பின்னல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று நீ எங்கே இருந்தாய், அந்தச் சத்தத்தைக் கேட்டாயா என்று விசாரிக்கிறாள். ஆட்களும் உட்காரவைத்துப் பதில் சொல்கிறார்கள். ஒரு நாள் அவள் பொலிஸ் நிலையத்துக்கே போய், நீங்கள் பிடித்து வைத்திருப்பவன் கொலைகாரன் இல்லை என்று இன்ஸ்பெக்டரோடு சண்டை பிடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவந்து பூனைக்குப் பால் வைக்கிறாள். அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஆங்கிலம்தான் எனக்கு விளங்கவில்லையோ என்று அகராதியும் பார்த்தேன். விளங்கித்தான் இருந்தது.

இப்படி எத்தனையோ குழப்பங்கள். ஒருவர் செத்து மறுநாளே எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். செத்தவருக்காக யாரும் வாய்விட்டு அழுவதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு சாவுக்காக ஊர் முழுக்கத் தூக்கமில்லாமல் இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. கடைசியில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி வைத்து, நடந்தது இதுதான் என்று அவள் சொல்கிறாள். கொலைகாரன் எழுந்து நின்று ஓம் என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு மழை விடுகிறது.

இறாக்கையில் அந்த மாதிரிப் புத்தகங்கள் நிறைய இருந்தன. பூக்கடைக்காரி ஒருத்தி, ஓய்வுபெற்ற தபால்காரி ஒருத்தி, தேவாலயத்தில் மணி அடிப்பவர் ஒருவர். எல்லோரும் கண்டுபிடித்தார்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் சமைக்கும் முஸ்லிம் அக்காவுக்கு, எங்களுக்கு அவர் ராத்தா, கதை சொல்வேன். அவர் ஏறாவூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். என்னை விட இருபது வயதாவது மூத்தவர். கதையைத் தொடங்கிச் செத்தவர் யார் என்று சொன்னவுடனே அவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"புருசன்தான்."

"செத்தது பொம்புள இல்ல ராத்தா. ஆம்புள."

"அப்ப பொஞ்சாதி. மறுகா என்ன நடந்த? சொல்லு."

அநேகமாக அவர் சொல்வது பிழையாகத்தான் இருக்கும். அதற்கு அவர் கவலைப்பட்டதில்லை. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு சனம் மவுத்தாப் போய்க் கிடக்கு. இன்னும் உனக்குச் சாவுக் கதையா புள்ள?"

சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் நானா, கூடப்பிறந்த அண்ணன் ஒருவரைப் பிரச்சினைக் காலத்தில் சுட்டுப் போட்டதாக முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். யார் செய்தது என்று தேடினீர்களா என்று அன்று கேட்டேன்.

"தேடுறதுக்கு என்ன கிடக்கு? ஊருக்கே தெரியுமே. தெரிஞ்சு என்ன செய்யிற?" என்றார்.

அதையும் நான் நீண்ட நேரம் யோசித்துப் பார்த்தேன். கதையில் யாருக்கும் தெரியாது, கடைசியில் தெரியவருகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. இங்கே முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எதுவும் முடியவில்லை. எங்கே தவறுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அம்மாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அம்மா தையல்காரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊரில், வாவிப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பா வாவியில் இறால் பிடிப்பவர். அன்று டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள். தைப்பொங்கலுக்குச் சட்டை தைக்கக் கடற்கரைத் தெருவில் யாருக்கோ அளவெடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா காலையில் புறப்பட்டுப் போனார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் எங்கள் தெருவுக்கும் வந்தது. மிதந்து வந்த தகரம் ஒன்று என் காலைக் கிழித்தது. அதனால் நான் வைத்தியசாலைத் தரையில் கிடந்தேன். அப்பா கடற்கரையிலும் வாவிக்கரையிலும் நடந்தார். கிடந்த ஒவ்வொரு பெண்ணையும் புரட்டிப் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அம்மாவைக் கண்டுபிடித்தது மாமா. அம்மாவின் தம்பி. கண்டு, சவுக்கந்தோப்புக்குப் பக்கத்து மணலில் மற்ற ஆட்களோடு அடக்கமும் பண்ணியாயிற்று என்று வந்து சொன்னார். அப்பாவைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். பிறகு ஒரு கல்லை நட்டு நீலப் பெயின்ற் பூசினார். அப்பா அன்றோடு நடப்பதை நிறுத்தினார்.

"எப்படி மாமா கண்டுபிடிச்ச?" என்று காலில் கட்டோடு நான் கேட்டதற்கு, "அக்காட கைத்தையல் எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

முதலாம் ஆண்டு நினைவு நாளன்று அப்பாவுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு போனேன். நீலக் கல்லுக்கு முன்னால் என்னை விடச் சற்று இளைய பெண் ஒருத்தி மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு முழந்தாளில் இருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ஒரு சின்னப் பெண்பிள்ளையைத் தோளில் வைத்திருந்தான். காற்றுக்கு மெழுகுதிரி அணைந்து அணைந்து போனது. நான் குனிந்து கையால் மறைவு கொடுத்தேன்.

"நீங்க ஆருக்காக வந்த?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு."

"நாங்களும் அம்மாவுக்குத்தான். உங்கட அம்மா எந்தப் பக்கம்?"

நான் அவளுடைய மெழுகுதிரிக்குக் கீழே இருந்த மணலைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது என்ட அம்மா," என்றாள். கோபமாக இல்லை. வழி தப்பி வந்தவளுக்குச் சொல்வதுபோல.

கணவன் பிள்ளையை இறக்கிவிட்டான். கடற்கரைத் தெருவில் வலை வைத்திருந்தவன். எதைச் சொன்னாலும் வாயில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆள். அன்று அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"மாமியப் பார்த்துச் சொன்னது நான்தான், தங்கச்சி. ரோசா நிறச் சட்டை. நத்தாருக்கெண்டு புதுசாத் தைச்சது, கழுத்தில வெள்ளைக் கரை. இந்த இடத்திலதான் வைச்சாங்க. கல்லு மறுகா வந்தது. எல்லாருக்கும் பொதுவா நட்ட கல்லெண்டு நினைச்சம்."

கற்பூரத்தைக் கொளுத்தாமலே வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைவு. கழுத்தில் வெள்ளைக் கரை வைத்த ரோசாச் சட்டையை நான் பார்த்திருக்கிறேன். நத்தாருக்கு முந்திய வாரம் அம்மாவின் மெசினில் கிடந்தது. கழுத்தை இறுக்கித் தா என்று கேட்டு அந்தச் சட்டைக்காரி இரண்டு தரம் திருப்பி அனுப்பியதாக அம்மா புறுபுறுத்தார். அதற்குக் கொக்கி தைத்தது நான். கடல் வந்த அன்று காலை அம்மா போட்டுப் போனது மண்ணிறச் சட்டை, வெளுத்துப்போனது. படலையைத் திறந்து போகும்போது முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன்.

நூல் கடைக்காரி இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். சாட்சியிடம் போவாள். நான் மாமாவிடம் போனேன்.

மாமா சந்தியில் சைக்கிள் திருத்துபவர். ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, அண்டைக்கு அம்மா என்ன நிறச் சட்டை?"

"அதையேன் இப்ப கேக்கிறாய்?"

"சும்மாதான்."

"ரோசாவோ என்னவோ." ரியூப்பில் இருந்து குமிழி வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"முகத்தப் பார்த்தீங்களா?"

"முகம் பாக்கிற மாதிரி இருக்கல்ல புள்ள."

"அந்தச் சட்டையத் தைச்சது அம்மாதான் மாமா. போட்டிருந்தது அம்மா இல்ல. இந்த ஊரில பாதிப் பேர் போட்டிருந்தது அம்மா தைச்ச சட்டைதானே?"

மாமா ரியூப்பை வெளியே எடுத்துத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"எனக்கும் அப்பவே அப்படி ஒரு நினைவு வந்ததுதான்," என்றார். "மச்சான் நடந்துகொண்டே இருந்தவர். தண்ணிகூடக் குடிக்கல்ல. காலெல்லாம் வெட்டுக்காயம். இன்னும் கொஞ்சம் விட்டா அவரையும் சேர்த்துத் தாட்டிருப்பம்."

"அதுக்காகச் சொன்னீங்களா?"

"தெரியா. சொல்லிட்டன். அது அக்காவாவும் இருக்கலாம்தானே? அப்படித்தான் நானும் நினைச்சிட்டு இரிக்கன். இப்ப வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அவர் அழுதார். நான் பக்கத்தில் கிடந்த சக்கரத்தைச் சும்மா சுழற்றிக்கொண்டு நின்றேன். நான் வாசித்த கதைகளில் எல்லாம் பொய் சொன்னவன்தான் குற்றவாளி. எந்த இடத்தில் பொய் இருக்கிறதோ அந்த இடத்தைத் தோண்டினால் எல்லாம் வெளிவந்துவிடும். இங்கே பொய்யைத் தோண்டினேன். அதற்கடியில் அப்பாவின் மேல் இரக்கப்பட்ட ஒரு மனிதர் இருந்தார். இதை வைத்துக்கொண்டு அடுத்த அடி எங்கே வைப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

ஆண்டுத் திவசம் திதிப்படி சில வாரம் கழித்து வந்தது. கொட்டிலுக்கு முன்னால் கிடுகுப் பந்தல் போட்டு, இலை போட்டு, சொந்தக்காரர் எல்லோரும் வந்து இருந்தார்கள். அப்பா நடுவில். மாமா ஓரத்தில், என்னை நிமிர்ந்து பார்க்காமல். பாயாச வாளியோடு நான் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது: சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள். இப்போது நான் வாயைத் திறக்க வேண்டும். நீலக் கல்லுக்குக் கீழே இருப்பது அம்மா இல்லை, அம்மா எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது என்று சொல்ல வேண்டும். கதையில் இதைச் சொல்கிறபோது எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வரும்.

அப்பா இலையில் இருந்து தலையை உயர்த்தி, "எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து மகள். கொம்மா வைக்கிற மாதிரியே இரிக்கி," என்றார்.

ஊற்றினேன். எல்லோருக்கும் ஊற்றினேன். நான் செய்தது சரியா பிழையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

ராத்தாவிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். இந்த முறை புருசன், பொஞ்சாதி என்று அவர் எதுவும் சொல்லவில்லை. அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மையத்துகள ஏத்திக் கொண்டுவந்த மிசின்காரனக் கேட்டயா?"

நான் கேட்கவில்லை. பிரேதங்களை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்த ஒருவர் இருந்திருப்பார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நூல் கடைக்காரிக்கு நிச்சயம் வந்திருக்கும்.

உழவு இயந்திரக்காரரைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வவுணதீவுப் பக்கம் வயல் உழுகிறவர் என்று சொன்னார்கள். அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போன ஒரு நாளில் அவருடைய வீட்டைக் கேட்டுப் போனேன். வாட்டசாட்டமான மனிதர். சவுக்கந்தோப்பு என்று நான் சொன்னதும் மனைவியை உள்ளே போகச் சொன்னார்.

"என்னத்துக்குப் புள்ள அந்தக் கதை?"

"அதில இருக்கிறது என்ட அம்மாவா, இன்னொராளிட அம்மாவா எண்டு தெரியோணும்."

"ஒராள் இல்ல அதில," என்றார். "ஒரு குழிக்குள்ள ஒராள வைக்கிறதுக்கு அண்டைக்கு நேரமும் இல்ல, ஆளும் இல்ல. பொம்புளையள ஒரு பக்கம் வைச்சம். பேர் கேட்டு ஆரும் புதைக்கல்ல. உன்ட அம்மாவும் இருந்திருக்கலாம். நான் பொய் சொல்லல்ல, எனக்குத் தெரியா."

பிறகு தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை அவர் தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது என் தலைக்குள் எல்லாம் கலங்கிக் கிடந்தது. ரோசாச் சட்டையை வைத்து அம்மா அங்கே இல்லை என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அது கவலையான முடிவு என்றாலும் ஒரு முடிவு. இப்போது அதுவும் இல்லை. மாமா சொன்ன பொய் உண்மையாகவும் இருக்கலாம்.

அந்த மெழுகுதிரிக்காரியின் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர்களும் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள், எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இன்னொரு முகாமில். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சட்டைக் கழுத்த இறுக்கச் சொல்லி ரெண்டு தரம் அனுப்பினது என்ட அம்மாதான்," என்றாள். "உங்கட அம்மா ஏசினதா?"

"புறுபுறுத்தவ."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப ரெண்டு பேரும் அங்கயே இரிக்கட்டும்."

அதற்குப் பிறகு நாங்கள் பழகத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பூசைக்குப் போய் வந்த பிறகு நான் போவேன். அவள் கணவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பான். நான் கதை சொல்ல வேண்டும். அவனுக்கு அந்தத் தபால்காரியைப் பிடிக்கும். "இவ நம்மட ஊரில இருந்தா ஒரு நாளைக்குத் தாங்கமாட்டா," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். யார் கொலைகாரன் என்பதில் அவன் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டால், "ஆர் அதிகமா உதவி செய்ய வாறானோ அவன்தான்," என்பான்.

பிறகு சண்டை திரும்பவும் மூண்டது. வாவிக்கு மேற்கே பீரங்கிச் செல் விழுந்து அந்தப் பக்கத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் வந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு இரவு பகலாக வேலை. அந்தக் குழப்பத்துக்குள் ஒரு நாள், வலை எடுத்து வரப் போன அவள் கணவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. சைக்கிள் கரையில் நின்றது. யார் கொண்டுபோனது என்பதில் ஊரில் பல கதைகள் இருந்தன. வெள்ளை வானில் வந்து ஏற்றிப்போனார்கள் என்றார்கள் சிலர். இயக்கத்துக்குப் பிடித்து வடக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள் சிலர். கடலில் ஏதோ நடந்தது என்றும் சொன்னார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். பேச்சு நடுவில் யாராவது வந்தால் நிறுத்தினார்கள்.

அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க விசாரிச்சுக் கண்டுபிடிக்கிற ஆள்தானே? இவரையும் கண்டுபிடிச்சுத் தாங்க."

நான் என்ன கண்டுபிடித்தேன்? எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதை அவளுக்குச் சொல்லவும் முடியவில்லை. கரையில் கடை வைத்திருந்தவரிடம் போய், அன்று யாரைக் கண்டீர்கள் என்று கேட்டேன். "புள்ள, எனக்கும் குடும்பம் இரிக்கி. நீங்க இந்தப் பக்கம் வராதீங்க," என்றார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஆனால் மறுநாள் கேட்கவோ, வேறு விதமாகக் கேட்கவோ எனக்குத் துணிவு வரவில்லை. நான் போகும் இடமெல்லாம் என்னால் அந்த மனிதருக்கு ஆபத்து வருமோ என்ற பயம். பொலிஸுக்கு அவளோடு போனேன். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் எங்களைப் பற்றியதாகவே இருந்தன.

வடக்கில் யுத்தம் முடிந்ததாக வானொலியில் சொல்லிச் சில மாதங்களில், அங்கிருந்து தப்பி வந்து வவுனியாப் பக்கத்து முகாம்களில் அடைபட்டிருக்கும் ஆட்களை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்று கேள்விப்பட்டோம். பிள்ளையை என் அப்பாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த இராணுவக்காரனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பயணத்துக்கென்று நான் எடுத்துப் போன புத்தகத்தை வெளியே எடுத்தான். பக்கங்களை உதறினான்.

"இது என்ன?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

"கதைப் புத்தகம்."

"என்ன கதை?"

ஒருவரைக் கொன்றது யார் என்று தேடுகிற கதை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"சமையல்," என்றேன். கேக் செய்முறைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவன் பூனைப் படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவனும் கொஞ்சம் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முகாமில் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கமும் சனம், இந்தப் பக்கமும் சனம். எல்லோரும் ஒரே நேரத்தில் பெயர்களைக் கூப்பிட்டார்கள். அவள் கணவனின் படத்தைக் கம்பிக்கு மேலால் உயர்த்திப் பிடித்தாள். உள்ளே இருந்து ஒரு பெண் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "இவரைக் கடைசிக் கட்டத்தில கண்டனான், கையில காயம் இருந்தது," என்றாள். பக்கத்தில் நின்ற முதியவர், "அது வேற ஆள், பிள்ளை. அவன் மன்னார்ப் பெடியன்," என்றார். இருவரும் எங்களை மறந்துவிட்டுத் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். கையில் காயம் இருந்தது வலது கையா, இடது கையா, ஆளுக்கு மீசை இருந்ததா என்று நான் கத்திக் கத்திக் கேட்டேன். ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்திய பதிலுக்கு மாறாக இருந்தது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை இறக்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அக்கா, அந்தப் பொம்புள சொன்னத எடுக்கவா, அந்தாள் சொன்னத எடுக்கவா?"

"நீ எதை எடுக்கிறாய்?"

"காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு," என்றாள்.

அவள் இப்போது பாசிக்குடாவில் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். மகள் வளர்ந்துவிட்டாள். இவள் இன்னும் தாலியைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று அவளுடைய பெரியம்மா சொல்கிறார், கூடாது என்று ஃபாதர் சொல்கிறார். என்னிடமும் கேட்டாள். அவள் கேட்கிற எதற்கும் என்னிடம் பதில் இருந்ததில்லை. ஆனாலும் கேட்பதை அவள் நிறுத்தவில்லை. நான் வாசிப்பதையும் நிறுத்தவில்லை. அந்த மாதிரிப் புத்தகங்களை இப்போது கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்குகிறேன். வாசித்து முடித்ததும் ஒரு பொழுதுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். பிறகு கோபம் வரும். யார் மேல் என்று தெரியாது.

அப்பா உயிரோடு இருக்கும்வரை நீலக் கல்லடிக்கு வெள்ளிக்கிழமைதோறும் போனார். மாமாவும் நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலமாகி அடுத்த ஆண்டு ஊர் ஆட்கள் சேர்ந்து சவுக்கந்தோப்பு மணலைத் துப்புரவாக்கி, சீமெந்துக் கட்டு ஒன்று கட்டினார்கள். தெரிந்த இடங்களில் பெயர் பதிக்கலாம் என்றார்கள். நானும் அவளும் போனோம். மேசன் ஈரச் சீமெந்தில் எழுத ஆணியோடு குந்தியிருந்தார்.

"இந்த இடத்துக்கு ஆற்ற பேர்?"

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். மேசன் நிமிர்ந்து பார்த்தார். ஒன்று சைவப் பெயர், மற்றது வேதக்காரப் பெயர்.

"ரெண்டு பேரும் என்ன முறை?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தைத்தவரும் தைப்பித்தவரும் என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அது பொருந்துமா என்று யோசிப்பதற்குள் அவள், "கூடப்பிறந்த மாதிரி," என்று சொல்லிவிட்டாள்.

மேசன் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு பெயர்களையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதினார். வெயில் ஏற முன் எழுதி முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டதில் அம்மாவின் பெயரில் ஒரு அரவு, நெடிலுக்குப் போடும் துணைக்கால், விடுபட்டுப் போயிற்று. சீமெந்து இறுகிய பிறகுதான் கண்டோம். வந்து திருத்தித் தாறன் என்றார். இன்னும் வரவில்லை.